புலேங்கின் கட்டைவிரல்

ஏற்றத்தில் கியர் மாற்றினால் அந்தப் பந்தயச் சைக்கிளின் சங்கிலி அடுத்த பல்சக்கரத்துக்கு ஏறாமல் கடகடவென்று முனகும். பிறகு திடீரென்று இரண்டு பல்சக்கரம் தாண்டி விழும். பெடல் வழுக்கி ஆள் கீழே கிடப்பாள். அந்த வாரம் புலேங்குக்கு இரண்டு முழங்காலிலும் தோல் இல்லை.

மெக்கானிக் மொகேதே கேபிளை இழுத்துக் கட்டினான், பிறகு கேபிளையே மாற்றினான், ஸ்க்ரூக்களை உள்ளே வெளியே என்று திருகினான். ஒரு கியர் வழிக்கு வந்தால் இன்னொன்று முரண்டு பிடித்தது. லெசோதோ நாடு முழுக்கத் தன்னைப்போல் கியர் பார்க்க ஆளில்லை என்று மார்தட்டுகிறவன் அவன். தோற்றதை ஒத்துக்கொள்ள மனம் வரவில்லை. மற்ற வீராங்கனைகள் சுற்றி நிற்கும்போதே சொல்லிவிட்டான்.

"வண்டியில ஒண்ணும் இல்ல தங்கச்சி. உன் கட்டவிரல்தான் கோளாறு. கியர் மாத்துறியா, அப்பாவோட மாட்டப் பத்துறியா?"

எல்லோரும் சிரித்தார்கள். புலேங்கும் சிரித்தாள். சிரித்து முடித்துத் தன் விரலை ஒருமுறை பார்த்துக்கொண்டாள்.

"சரிண்ணே. பதமா மாத்திப் பாக்குறேன்."

சனிக்கிழமை செமொன்கோங்கில் பந்தயம். ஜெயிக்கிறவளுக்கு நாட்டின் அணியில் இடம். புலேங்கின் சொந்த மலை அது. அவள் ஊரே கம்பளி போர்த்திக் குதிரையில் இறங்கி வரப்போகிறது. குழுவில் உருப்படியான வண்டியோ இது ஒன்றுதான்.

வெள்ளி சாயங்காலம் வண்டியைக் கழுவிவிட்டு, பின்சக்கரத்துக்கு நேராகக் குனிந்தபோதுதான் மொகேதேயின் கண்ணில் பட்டது. பின்கியர் நேராகத் தொங்கவில்லை, சக்கரத்தின் பக்கம் சாய்ந்திருந்தது. அதைச் சட்டத்தோடு பிடித்திருக்கும் சின்ன அலுமினியத் துண்டு வளைந்திருந்தது. அது வளைந்தால் கேபிளை எத்தனை திருகியும் பயனில்லை.

எப்படி வளைந்தது என்று யோசிக்க வேண்டியிருக்கவில்லை. போன வாரம் தலைநகர் மசேருவிலிருந்து வேனில் ஏற்றும்போது வண்டியைச் சங்கிலிப் பக்கம் கீழே இருக்கும்படி படுக்கவைத்தது அவன்தான். தன் வீட்டுக்கு வாங்கிய சோளமாவு மூட்டைகளை அதன்மேல் அடுக்கியதும் அவன்தான். வேறு யாராவது அப்படிப் படுக்கவைத்திருந்தால் அவர்களை உண்டு இல்லை என்று ஆக்கியிருப்பான்.

வெட்கத்தில் காது சுட்டது. பின்கியரைக் கழற்றி, அந்த ஓட்டையில் ஒரு பழைய சக்கரத்தின் அச்சைத் திருகி, அதையே நெம்புகோலாக்கி மெல்ல நிமிர்த்தினான். கியர் வெண்ணெயாக விழுந்தது. நாளைக்கு அவள் ஜெயித்துவிட்டால் யார் கேட்கப்போகிறார்கள் என்று தன்னையே தட்டிக்கொடுத்துக்கொண்டு போய்ப் படுத்தான்.

காலையில் அந்த வண்டிமேல் குழுவின் இன்னொரு வீராங்கனை ரெதாபிலே உட்கார்ந்திருந்தாள். புலேங் கம்பளியைப் போர்த்திக்கொண்டு தண்ணீர் பாட்டில்களோடு ஓரமாக நின்றாள்.

"நேத்து அவளே வந்து விலகிக்கிட்டா," என்றாள் கோச். "என் கைக்குக் கியர் வரல, எனக்காகக் குழு தோக்க வேணாம்னா. பேரு மாத்திக் குடுத்துட்டேன்."

ரெதாபிலே ஒவ்வொரு கியராக மாற்றிப் பார்த்தாள். எல்லாம் டக் டக்கென்று விழுந்தன.

"வண்டி தங்கம்தான். நீ சொன்னதுதான் சரி மொகேதே."

அப்போதாவது சொல்லியிருக்கலாம். நேரம் இருந்தது. மொகேதே குனிந்து டயரில் காற்றை அழுத்திப் பார்த்தான். விசில் ஊதிவிட்டார்கள்.

ரெதாபிலே முதலாவதாக வந்தாள். ஆரவாரத்துக்கு நடுவே புலேங் தன் அப்பாவைக் கையைப் பிடித்து அழைத்து வந்தாள்.

"இந்த அண்ணன்தான்பா. யாரும் சொல்லாதத எனக்கு மூஞ்சிக்கு நேராச் சொன்னாரு. இல்லன்னா இன்னிக்கு எல்லார் முன்னாடியும் விழுந்திருப்பேன்."

பெரியவர் தொப்பியைக் கழற்றினார். இடக்கையால் வலது முழங்கையைத் தாங்கியபடி, மரியாதையாகக் கையை நீட்டினார்.

"புள்ளைக்கு நல்லது சொன்னீங்க ஐயா."

அந்தக் கையைத் தொட மொகேதேக்குக் கூசியது.

"அவ விரல் இல்லைங்க. வண்டியக் கெடுத்தது நான். மூட்டைய அடுக்கி கியர வளைச்சுட்டேன். நேத்துதான் நிமித்தினேன்."

புலேங் தன் கட்டைவிரலைப் பார்த்தாள்.

"நேத்து எப்பண்ணே?"

"சாயங்காலம். வெளிச்சம் இருக்கையில."

"நான் ராத்திரி சாப்பாட்டுக்கு அப்பறம்தாண்ணே கோச்சப் போய்ப் பாத்தேன்."

நீட்டிய கை இன்னும் அப்படியே இருந்தது. பெரியவர் அதை மெல்லக் கம்பளிக்குள் இழுத்துக்கொண்டார்.