லீவிலிருந்த கிராணி

விளக்குக் கரியில் இரண்டு சொட்டுத் தேங்காயெண்ணெய் விட்டுக் குழைத்து, அதைத் தகப்பனின் வலதுகைக் கட்டைவிரலில் தடவினாள் தவமணி. விரல் இன்னும் விறைக்கவில்லை. விடியற்காலையில்தான் உயிர் போயிருந்தது. பலகையில் விரித்து வைத்த அப்பீல் தாளின் அடியில் அந்த விரலை அழுத்தி எடுத்தாள். கறுப்புக் கொஞ்சம் கூடிவிட்டது. பரவாயில்லை, ரேகை தெரிந்தது.

“பாவமடி,” என்றாள் அம்மா பத்மாவதி. “முப்பத்தொரு வருஷம் பேனை பிடிச்ச கை.”

“தெரியும் அம்மா. விரலைத் துடைச்சு விடுங்கோ. ஆரும் வந்தால் கரி தெரியும்.”

 அழ முடியாது. பலகைச் சுவர் வீடு. இங்கே ஒருத்தி விம்மினால் பக்கத்து வீட்டு ஹபீபா பீவி ஓடி வருவாள். அவளுக்குத் தெரிந்தால் பத்து நிமிடத்தில் டத்தோ கிராமட் ரோடு முழுக்கத் தெரிந்துவிடும். செத்தவர் பேரில் நிவாரண அரிசிக்கு அப்பீல் செல்லாது. விதவை பேரில் புதிதாக எழுதிப் போட்டால் இரண்டு மாதம் ஆகும். வீட்டில் நான்கு நாளாக மரவள்ளிக் கிழங்கைத் தவிர வேறொன்றும் இல்லை. இப்போது அதுவும் முடிந்துவிட்டது. சின்னத் தங்கைகள் இருவரின் கால்களும் வீங்கத் தொடங்கியிருந்தன. தகப்பன் விஸ்வலிங்கத்துக்கும் அப்படித்தான் முதலில் கால் வீங்கியது.

அந்த மனிதரின் பிடிவாதத்தை என்னவென்று சொல்வது! நாற்பத்தொன்று டிசம்பரில் ஜப்பான்காரன் குண்டு போட்டபோது வெள்ளைக்காரத் துரைமார் ஒரே ராத்திரியில் கப்பலேறி ஓடினார்கள். ஓடுகிற அவசரத்தில் யாரோ ஒரு துரை, ‘கூப்பிடும்வரை லீவில் இருங்கள்’ என்று ஆபீசில் கணக்கெழுதும் கிராணிகளிடம் சொல்லிவிட்டுப் போனான். அவ்வளவுதான். மூன்று வருடமாக விஸ்வலிங்கம் லீவில் இருந்தார். தினமும் முகம் மழித்து, சட்டை போட்டுக்கொண்டு, வீட்டுக்குள்ளேயே லீவில் இருந்தார்.

வேலையில்லாதவர் குடும்பத்துக்கு நிவாரண அரிசி என்று அறிவிப்பு வந்ததும், தவமணிதான் விண்ணப்பப் பாரம் வாங்கி வந்தாள். ‘தற்போதைய உத்தியோகம்’ என்ற இடத்தில் ‘இல்லை’ என்று எழுதினால் போதும். விஸ்வலிங்கம் அச்சடித்தது போன்ற எழுத்தில் ‘பெரிய கிராணி, லீவில்’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். விண்ணப்பதாரர் உத்தியோகத்தில் உள்ளவர், நிராகரிக்கப்பட்டது என்று பதில் வந்தது. பதினைந்து நாளுக்குள் அப்பீல் செய்யலாம் என்று கீழே ஒரு வரி.

“ஐயா, வேலை இல்லை எண்டு ஒரு கையெழுத்து வையுங்கோ,” என்று அந்தப் பதினைந்து நாளும் தவமணி கெஞ்சினாள்.

“பொய்க்குக் கையெழுத்து வைக்க மாட்டன் பிள்ளை.”

நேற்று மாலை, பேச்சுத் தடுமாறிய நேரத்திலும் முகத்தைத் திருப்பிக்கொண்டார். தவமணிக்கு அப்போது வந்த கோபம் இப்போதும் போகவில்லை. செத்த தகப்பன்மேல் கோபப்படுகிறோமே என்று அவமானமாகவும் இருந்தது.

அவருடைய கையெழுத்தைப் போட்டுப் பார்க்காமலும் இல்லை. அந்தச் சுழிப்பு அவளுக்கு வரவில்லை. இன்றுதான் கடைசி நாள். மத்தியானத்தோடு ஆபீஸ் கதவைச் சாத்திவிடுவார்கள்.

“நான் வாறவரைக்கும் அழாதேங்கோ அம்மா. ஆரும் கேட்டால் நித்திரை எண்டு சொல்லுங்கோ.”

பத்மாவதி சேலைத் தலைப்பைச் சுருட்டி வாயில் வைத்துக்கொண்டு தலையாட்டினாள்.

தவமணி நடந்தே போனாள். சந்தியில் நின்ற ஜப்பான் சிப்பாய்க்கு இடுப்புவரை குனிந்தாள். நிமிரும்போது தலை சுற்றியது. நிவாரண ஆபீசில் நீண்ட வரிசை. அவள் முறை வர வெயில் உச்சிக்கு வந்துவிட்டது.

மேசைக்குப் பின்னால் இருந்தவர் சந்திரசேகரன். விஸ்வலிங்கத்தின் கீழ் சின்னக் கிராணியாக வேலை பழகியவர். வேறு யாராவது இருந்திருக்கக் கூடாதா?

அவர் தாளை வாங்கிப் படித்தார். அடியில் கறுப்பாகக் கிடந்த ரேகையைப் பார்த்தார். பிறகு பழைய விண்ணப்பத்தை எடுத்துப் பக்கத்தில் வைத்தார். அதில் அந்தச் சுழித்த கையெழுத்து இருந்தது.

“கிராணியாரா ரேகை வச்சாரு?”

“கை நடுங்குது அண்ணே.”

“வேலை இல்லைன்னு அவரு ஒத்துக்கிட்டாரா?”

அவள் அவர் தோளுக்கு மேலாகப் பார்த்தாள். பின்னால் தனி மேசையில் ஒரு ஜப்பான் அதிகாரி முத்திரைக் கட்டையோடு உட்கார்ந்திருந்தான்.

“இப்ப எப்படி இருக்காரு?”

“படுத்திருக்கிறார்.”

சந்திரசேகரன் அவள் முகத்தையே பார்த்தார். தவமணி கண்ணை எடுக்கவில்லை. எடுத்தால் அழுதுவிடுவோம் என்று பயந்தாள்.

“அப்பீல்னா நான் வீட்டுக்கு வந்து ஆள நேர்ல பாக்கணும் தங்கச்சி. பாத்துட்டுத்தான் எழுதணும். ரூல் அப்படி லா.”

அவ்வளவுதான், எல்லாம் போயிற்று என்று நினைத்தாள். மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். இந்த மனிதன் வந்து பார்த்தால் என்ன நடக்கும்? பொய் சொன்னால் இங்கே அடியோடு விடமாட்டார்கள் என்று ஊருக்கே தெரியும்.

அவர் பேனாவை மையில் தொட்டார். தாளின் ஓரத்தில் மெதுவாக எழுதினார். தலைகீழாகத் தெரிந்தாலும் அவளால் படிக்க முடிந்தது. ‘இன்று காலை நேரில் பார்த்தேன். உயிருடன் இருக்கிறார். உத்தியோகம் இல்லை.’ கீழே தன் கையெழுத்தைப் போட்டார்.

எழுந்து போய் ஜப்பான்காரனிடம் குனிந்து தாளை நீட்டினார். அவன் படிக்கவுமில்லை. முத்திரை விழுந்தது.

“பின்கட்டுல அரிசி குடுப்பாங்க,” என்று துண்டுச் சீட்டைக் கொடுத்தார். குரலை இறக்கினார். “சாயங்காலம் நாலு மணிக்கு நான் வர்றேன். தூக்க ஆள் வேணும்ல? ரெண்டு பேரைக் கூட்டிட்டு வர்றேன். வீட்டுக்குப் போ.”

அவள் நன்றி சொல்ல வாய் திறந்தாள். அதற்குள் அவர் அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிட்டார்.

அரிசி ஒரு சின்னத் துணிப்பை அளவுதான். புழுவும் சுண்ணாம்பு வாடையும் இருந்தன. அதை முந்தானைக்குள் மறைத்து, நெஞ்சோடு பிடித்துக்கொண்டு வந்தாள்.

வீட்டுக் கதவைத் தட்டியதும் பத்மாவதி திறந்தாள். அவள் உதட்டில் பல் பதிந்து ரத்தம் கட்டியிருந்தது. அறையில் விஸ்வலிங்கத்துக்குக் கழுத்துவரை போர்த்தியிருந்தது. தங்கைகள் சுவரோரம் உட்கார்ந்திருந்தார்கள்.

“ஹபீபா பீவி வந்து கேட்டவ. நித்திரை எண்டனான்,” என்றாள் பத்மாவதி. “கிடைச்சுதோ?”

தவமணி பையைப் பாயில் வைத்து அவிழ்த்தாள்.

“இனி அழலாம் அம்மா.”

பத்மாவதி அழவில்லை. அரிசியையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கையை விட்டு ஒரு பிடி அள்ளினாள்.

“ஐயாவுக்கு வாய்க்கரிசி போட வேணும்,” என்றாள்.

பிடியோடு கணவனின் தலைமாட்டுக்கு நகர்ந்தாள். அங்கிருந்து சின்ன மகள்களைத் திரும்பிப் பார்த்தாள். அவர்கள் அம்மாவின் முகத்தைப் பார்க்கவில்லை, அந்தக் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

பத்மாவதி திரும்பி வந்து, பைக்கு மேலே கையைப் பிடித்து விரல்களைத் தளர்த்தினாள். அரிசி மெல்ல உள்ளே இறங்கியது. உள்ளங்கையில் பத்துப் பதினைந்து மணி மிஞ்சியதும் விரல்களை மூடிக்கொண்டாள்.

பாயில் ஒரு மணி சிதறியிருந்தது. சின்னவள் அதை எடுத்துப் பைக்குள் போட்டாள்.