ஒரு பொட்டுத் துரு

"நில்லுங்கப்பா! கீழே படுத்துப் பாக்காம எங்கண்ணனை இந்த வண்டியில ஏத்த விடமாட்டேன்!"

பூசை முடிந்து, சவப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு மாதாகோயில் படியிறங்கிய ஆறு பேரும் பாதிப் படியில் நின்றுவிட்டார்கள். படிக்குக் கீழே அலீரின் பழைய நீல நிறப் பிக்கப் வண்டி பின்கதவைத் திறந்து போட்டபடி காத்திருந்தது. அதன் அடியில் விரித்திருந்த அட்டைகளின் மேல் ஆயில் சொட்டிக்கொண்டிருந்தது. வண்டிக்கும் பெட்டிக்கும் நடுவில் இரண்டு கைகளையும் விரித்துக்கொண்டு நின்றவர் ரெயால், செத்துப்போன அலீரின் கூடப்பிறந்த தம்பி.

அலீரின் மகள் கொலெத் பெட்டிக்குப் பின்னால் நின்றிருந்தாள். அப்பாவை அவருடைய வண்டியிலேயே கல்லறைக்குக் கொண்டுபோவதாக அவள் வாக்குக் கொடுத்திருந்தாள். அதற்காகச் சவ ஊர்திக்காரரிடம் கெஞ்சியாயிற்று. பங்குத்தந்தையிடம் வாதாடியாயிற்று. கோயில் வாசலில் இப்போதுதான் புதுத் தார் போட்டிருக்கிறார்கள், ஒரு சொட்டு ஆயில்கூட விழாது என்று சத்தியம் செய்துவிட்டு, மளிகைக்கடையின் பின்பக்கம் போய் அட்டைகளைப் பொறுக்கிவந்து விரித்தாயிற்று. இத்தனையும் தாண்டி வந்த பிறகு இப்போது சித்தப்பா குறுக்கே நிற்கிறார். அப்பாவே எழுந்துவந்தால்தான் உண்டு என்று தோன்றியது.

அவர்கள் இருந்த கனடாவின் நியூ பிரன்ஸ்விக் கடற்கரையில் குளிர்காலம் என்றால் மேலே பனி, கீழே பனி உருக ரோட்டில் கொட்டிய உப்பு, பக்கவாட்டில் கடலிலிருந்து வரும் உப்புக் காற்று. வண்டி வாங்குகிறவன் மேல்பக்கத்தைப் பார்ப்பதேயில்லை, குனிந்து அடியைத்தான் பார்ப்பான். துருப்பிடிக்காமல் அடியைக் காப்பாற்ற ஊரில் இரண்டு கட்சிகள். அலீர் ஆயில் கட்சி. இலை உதிரும் காலம் வந்ததும் அடியெல்லாம் ஆயிலை அடித்து, சொட்டச் சொட்ட வண்டியை விடவேண்டும், வருஷா வருஷம் அடிக்கவேண்டும் என்பார். ரெயால் தார்க் கட்சி. கெட்டியாகத் தாரை ஒரு தடவை பூசிவிட்டால் ஜென்மத்துக்கும் கவலையில்லை, எவன் வருஷா வருஷம் எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டுவான் என்பார்.

தாருக்குப் பின்னால் ஈரமும் உப்பும் போய் உட்கார்ந்துகொள்ளும் என்பது ரெயாலுக்கு ஒரு பிப்ரவரியில் தெரிந்தது. பாலத்தின் மேல் போய்க்கொண்டிருக்கும்போது வண்டியின் தரை பிளந்து, அவர் மனைவியின் கைப்பை ஓட்டை வழியாக ரோட்டில் விழுந்தது. அலீர் படகுத்துறையில் எல்லோர் முன்னாலும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அன்றைக்கு நின்ற பேச்சுதான். பக்கத்துப் பக்கத்து வீடு, நடுவில் வேலிகூடக் கிடையாது, ஆனால் அண்ணனும் தம்பியும் பேசிக்கொண்டதெல்லாம் கொலெத்தின் அம்மா லெயோனி வழியாகத்தான். "லெயோனி, உன் கொழுந்தன்கிட்ட சொல்லு, அவன் தாரு பூசின லட்சணத்துக்கு நடந்தே போயிருக்கலாம்னு" என்பார் இவர். "அண்ணி, உங்க வீட்டுக்காரர்கிட்ட சொல்லுங்க, அந்த எண்ணெய்ச் சட்டிக்குள்ள துரு எவ்வளவு ஒளிஞ்சிருக்குன்னு ஒருநாள் நான் காட்டறேன்னு" என்பார் அவர். இரண்டு பேரும் கைக்கெட்டும் தூரத்தில்தான் நின்றிருப்பார்கள்.

"என்னை என் வண்டியிலதான் கொண்டுபோகணும்" என்று அலீர் ஊருக்கே சொல்லி வைத்திருந்தார். "அன்னிக்கு ரெயால் குனிஞ்சு பாக்கட்டும். ஒரு பொட்டுத் துரு இருந்தா என்னைத் தூக்கிக் கடல்ல போடுங்க."

போன வாரம், நிற்கவே முடியாத நிலையில், நாற்காலியைக் கொட்டகைக்குள் போடச் சொல்லி, போர்வையைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்து, கொலெத்தை விட்டு வண்டிக்கு ஆயில் அடிக்கவைத்தார். "கதவு இடுக்குல அடி! அங்க இல்லடி, கண்ணு எங்க இருக்கு உனக்கு!" என்று கத்தி, இருமி, மறுபடியும் கத்தினார். செவ்வாய்க்கிழமை காலையில் கண்ணைத் திறந்து, "பனி விழுந்துருச்சா?" என்றார். "இல்லப்பா" என்றாள். "அப்ப சரி" என்றார். அவ்வளவுதான், போய்ச் சேர்ந்துவிட்டார்.

இப்போது ரெயால் கோட்டைக் கழற்றாமலே மண்டியிட்டுக் குனிந்தார். ஒரு பாக்கெட்டிலிருந்து சின்னச் சுத்தியல் வந்தது, இன்னொரு பாக்கெட்டிலிருந்து ஸ்க்ரூடிரைவர். ஆக, பூசைக்கு வரும்போதே தயாராகத்தான் வந்திருக்கிறார்.

"ரெயால், வேண்டாம்ப்பா, நல்ல கோட்டு பாழாப்போகும்" என்று லெயோனி படியிலிருந்து அவசரமாகச் சொன்னாள்.

"கோட்டு கிடக்கட்டும் அண்ணி. நடு வழியில அடிச்சட்டம் ஒடிஞ்சு அண்ணன் ரோட்டுல விழுந்தா யாரு பதில் சொல்றது?"

"அதானே, உங்க வீட்டம்மா கைப்பை மாதிரி!" என்று பெட்டி தூக்கியவர்களில் ஒருவர் சொல்ல, கூட்டம் குபீரென்று சிரித்தது. பங்குத்தந்தை கையிலிருந்த புத்தகத்தால் வாயை மறைத்துக்கொண்டார்.

"சிரிங்க, சிரிங்க" என்று சொல்லிக்கொண்டே ரெயால் அட்டையின் மேல் மல்லாந்து, உள்ளே நகர்ந்து மறைந்தார். மெருகு போட்ட இரண்டு கறுப்பு ஷூக்கள் மட்டும் வெளியே தெரிந்தன. "கொலெத்! டார்ச்சை எடுத்துட்டு வாம்மா. இருட்டா இருக்கு."

அவள் கறுப்புக் கவுனோடு தரையில் படுத்து உள்ளே நகர்ந்தாள். ஆயில் ஒரு சொட்டு நெற்றியில் விழுந்தது. அப்பாவின் சட்டையில் எப்போதும் இருந்த அதே வாடை. நெற்றியைத் துடைக்காமலே சிரித்துக்கொண்டு டார்ச்சைப் போட்டாள்.

சுத்தியல் அடிச்சட்டத்தைத் தட்டியது. டிங். கொஞ்சம் தள்ளித் தட்டினார். டிங். நல்ல இரும்பு மணியடிக்கும், அழுகின இரும்பு தொப்பென்று சொல்லும், இது அந்த ஊரில் நடக்கத் தெரிந்த குழந்தைக்கும் தெரியும். வெளியே பேச்சு அடங்கிவிட்டது. ஊரே காதைக் கொடுத்துக் கேட்டுக்கொண்டிருந்தது. ஒவ்வொரு டிங்குக்கும் கூட்டத்தில் யாரோ "ம்!" என்றார்கள்.

"சீக்கிரம் ரெயால், கை கழண்டுடும் போல இருக்கு!" என்று படியிலிருந்து குரல் வந்தது. "அலீர் ஒண்ணும் இளைச்சுப் போகல!"

"ரெண்டு நிமிஷம் தாங்க முடியாதா? அவன் என்னை ஆயுசு பூரா தாங்கினான்" என்றார் ரெயால், மெதுவாக. அது வெளியே கேட்டிருக்காது.

முன்பக்கம் முடிந்து நடுவுக்கு வந்தார். விரலால் சட்டத்தைத் தடவினார். பழைய ஆயிலும் தூசியும் சேர்ந்து களிம்பாகப் படிந்திருந்தது. நகத்தால் சுரண்டியதும் உள்ளே இரும்பு பளிச்சென்று தெரிந்தது.

"பாவி" என்றார். "பாவி மனுஷன். கடையில வாங்கின அன்னிக்கு இருந்த மாதிரியே வெச்சிருக்கான் பாரு." அவர் குரலில் கோபத்தைத் தேடினாள் கொலெத். இல்லை. பெருமையாகத்தான் இருந்தது. அவளுக்கும் நெஞ்சு நிமிர்ந்தது. அப்பா ஜெயித்துவிட்டார், இன்னும் ஒரு முழம்தான் பாக்கி.

கடைசியாக, பின்னால் ஸ்டெப்னி டயர் தொங்கும் குறுக்குச் சட்டத்துக்கு வந்தார்கள். ரெயால் தட்டினார்.

தொப்.

கொலெத் டார்ச்சை அந்த இடத்துக்கு நேராகத் திருப்பினாள். ரெயால் ஸ்க்ரூடிரைவரின் முனையை வைத்து லேசாக அழுத்தினார். வெண்ணெயில் இறங்குவதுபோல் அது பிடிவரைக்கும் உள்ளே போனது. துருச் செதில்கள் அவருடைய வெள்ளைச் சட்டைக் காலரில் கொட்டின.

அவள் மனதுக்குள் அம்மா, பங்குத்தந்தை, படகுத்துறை ஆட்கள் எல்லோருடைய முகமும் ஓடியது. இத்தனை வருஷம் சிரித்தவரைப் பார்த்துச் சிரிக்க இதைவிட நல்ல நாள் சித்தப்பாவுக்கு வாய்க்காது.

"பெட்டியைத் தாங்குமா சித்தப்பா?" என்று கிசுகிசுத்தாள்.

"பெட்டிக்கென்ன, பத்துப் பெட்டியைத் தாங்கும். இது டயர் தொங்கற சட்டம்தானே, பாரத்துக்கும் இதுக்கும் சம்பந்தமில்ல."

"அப்ப... வெளிய என்ன சொல்லப்போறீங்க?"

ரெயால் ஸ்க்ரூடிரைவரை மெல்ல உருவினார். பக்கத்துச் சட்டத்தின் உள்மடிப்பில் கையை விட்டு, கெட்டிப்பட்ட ஆயில் களிம்பை ஒரு பிடி எடுத்து, ஓட்டையின் மேல் வைத்து, கட்டைவிரலால் அழுத்தி அழுத்தித் தேய்த்துச் சமமாக்கினார். அவர் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. கொலெத் டார்ச்சை வேறு பக்கம் திருப்பிக்கொண்டாள்.

"என்னய்யா ஆச்சு? தொப்புன்னு கேட்டுச்சே?" என்று வெளியிலிருந்து கேட்டார்கள்.

"ஸ்டெப்னி டயரைத் தட்டினேன்யா! டயரு மணியா அடிக்கும்?" என்று ரெயால் கீழேயிருந்தே கத்தினார்.

அவர் வெளியே வந்து நின்றபோது முதுகு முழுக்க ஆயில், முகத்தில் பாதி கறுப்பு. ஊர் மொத்தமும் அவர் வாயையே பார்த்தது. ரெயால் சுத்தியலைப் பாக்கெட்டில் போட்டார். பெட்டியைப் பார்த்தார். வேறு யாரையும் பார்க்கவில்லை.

"அலீர் அண்ணே" என்றார், இடையில் யாரையும் தூது வைக்காமல், நேராக. "ஒரு பொட்டுத் துரு இல்ல. நீ ஜெயிச்சுட்டே."

கோயில் வாசலில் இப்படி ஒரு கைதட்டலை அந்த ஊர் எந்தக் கல்யாணத்துக்கும் கேட்டதில்லை. யாரோ விசில் அடித்தார்கள். பெட்டி தூக்கியவர்கள் சிரித்துக்கொண்டே ஓட்டமாக இறங்கி அலீரை வண்டியில் ஏற்றினார்கள். லெயோனி மார்பில் கைவைத்து ஒரு பெரிய மூச்சு விட்டாள்.

கொலெத் ஓட்டுநர் இருக்கையில் ஏறினாள். கேட்காமலே ரெயால் பக்கத்தில் ஏறி உட்கார்ந்தார்.

"தார் ரோட்டுல போகாதே. புளூபெரிக் காட்டுச் சரளை ரோட்டுல விடு."

"அது சுத்தாச்சே சித்தப்பா. தூசி வேற மண்டுமே."

"தூசிக்குத்தான் சொல்றேன். புது ஆயில்ல தூசி ஒட்டினாத்தான் அது நிக்கும், இல்லன்னா முதல் பனியிலேயே கழுவிட்டுப் போயிடும். உங்கப்பன் வருஷா வருஷம் ஆயில் அடிச்ச கையோட அந்த ரோட்டுலதானே மேலயும் கீழயும் ஓட்டுவான்? நான் சன்னல்ல நின்னு பாத்துட்டு இருப்பேன்." கொஞ்சம் நிறுத்தி, "பின்பக்கம் நல்லா ஒட்டணும்" என்றார்.

மழை கண்டு ஒரு வாரம் ஆகியிருந்தது. புளூபெரிச் செடிகள் இருபுறமும் சிவந்து கிடந்த அந்த ரோட்டில் வண்டி இறங்கியதும் தூசி மலையாகக் கிளம்பியது. பின்னால் வந்த சவ ஊர்திக்காரரின் கழுவித் துடைத்த கறுப்பு வண்டி முதலில் காணாமல் போனது. அதற்கும் பின்னால் ஊர் முழுக்க ஹாரனை அடித்துக்கொண்டு வந்தது. "சன்னலை மூடுங்க!" என்று ஒரு வண்டியிலிருந்து கத்துவதும், அதற்குள் இருமுவதும், இருமலுக்கு நடுவில் சிரிப்பதும் கேட்டது. கண்ணாடியில் பார்த்த கொலெத் கண்ணில் நீர் வரச் சிரித்தாள். அது எல்லாமே சிரிப்பில் வந்த நீர்தான் என்று சொல்ல முடியாது. அப்பா பின்னால் படுத்திருக்கிறார், சித்தப்பா பக்கத்தில் உட்கார்ந்து அப்பாவின் வண்டிக்கு அக்கறையாக வழி சொல்கிறார். இந்த ரோடு இன்னும் நீளமாக இருந்திருக்கலாம் என்று நினைத்தாள்.

"மெதுவா, மெதுவா" என்றார் ரெயால். "என்ன அவசரம் அவனுக்கு?"

கல்லறைத் தோட்டத்தில் இறங்கிய மொத்தப் பேரும் ஒரே நிறமாக இருந்தார்கள். பங்குத்தந்தை ஆசீர்வதிக்கக் கையைத் தூக்கியதும் அங்கியிலிருந்து தூசி உதிர்ந்தது. அவரே சிரித்துவிட்டு, பிறகு செபத்தைச் சொன்னார். பெட்டி இறங்கும்போது ரெயால் தொப்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு தலை குனிந்து நின்றார். தோள் குலுங்கியது. கொலெத் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

எல்லாம் முடிந்து, மண்டபத்தில் கோழிச் சூப்பும் உருளைக்கிழங்கு உருண்டையும் ஆறிப்போகும் என்று ஆட்கள் கலைந்தபோது, லெயோனி மகளின் முழங்கையைப் பிடித்து ஓரமாக இழுத்தாள்.

"ஏண்டி, நீயும் உள்ளதானே படுத்திருந்தே? பின்னாடி, ஸ்டெப்னிக்கு மேல, ஒண்ணும் கண்ணுல படலியா?"

கொலெத்துக்குத் தூக்கிவாரிப் போட்டது. "அம்மா!"

"கத்தாதே. முந்தின குளிருக்கே அங்க ஓட்டை விழுந்துருச்சு. உங்கப்பா ராத்திரி பூரா தூங்கல, எங்கிட்ட மட்டும்தான் சொன்னாரு. 'ரெயாலுக்கு மட்டும் தெரியக்கூடாது லெயோனி. நான் தோத்துட்டேன்னு தெரிஞ்சா, பாவம், அவனுக்குச் சண்டை போட ஆளில்லாமப் போயிடும்'னாரு." அவள் தூசி படிந்த முகத்தோடு குறும்பாகச் சிரித்தாள். "நல்லவேளை, உன் சித்தப்பனுக்குக் கண்ணு மங்கிப்போச்சு. ஆண்டவர்தான் காப்பாத்தினாரு. நீயும் மூச்சு விடாதே, என்ன?"

கொலெத் வாயைத் திறந்தாள். ரெயால் தொப்பியைத் தட்டிக்கொண்டே அவர்களிடம் வந்துவிட்டார். திறந்த வாயை மூடிக்கொண்டாள்.

லெயோனி கொழுந்தனின் தோளிலிருந்த தூசியைத் தட்டிவிட்டாள். "என்ன ரெயால், உங்கண்ணன் ஜெயிச்சுட்டாரா?"

"ஜெயிச்சுட்டாரு அண்ணி. ஒரு பொட்டு இல்ல."

லெயோனி அவருக்குத் தெரியாமல் மகளைப் பார்த்துக் கண்ணடித்தாள். அதே நேரத்தில், அண்ணிக்குத் தெரியாமல், இந்தப் பக்கத்திலிருந்து ரெயாலும் கண்ணடித்தார். நடுவில் நின்ற கொலெத் இரண்டு பேருக்கும் பொதுவாகத் தலையை ஆட்டிவைத்தாள்.