தண்ணீர் கேட்ட மூட்டை

பயிற்சிக் கூடத்தின் செயலாளர் மேசைக்குப் பின்னால் சுழல் நாற்காலியில் இருந்தார். அவருக்கு வலப்பக்கம், ஜன்னலை ஒட்டி, கழுத்தில் விசிலோடு ஜிம்னாஸ்டிக்ஸ் கோச். எதிரே, கால் ஆடுகிற மர நாற்காலியில் தையல்காரி. அவளுடைய மகள் மேலே, கூரையில் முதுகு ஒட்ட, விசிறிக்கும் குழல்விளக்குக்கும் நடுவில் மிதந்துகொண்டிருந்தாள். அவளுக்காக விசிறியை நிறுத்தியிருந்ததில் கீழே இருந்த மூவருக்கும் வேர்த்துக் கொட்டியது.

பால்பல் விழும் வயதில் அந்தக் கூடத்தில் சேர்ந்தவள். தினமும் காலையில் எடை பார்த்த பிறகுதான் பயிற்சி. மெஷினில் ஏறி இறங்கும்வரை எந்தப் பிள்ளையும் ஒரு வாய் தண்ணீர் குடிக்காது. முள் கொஞ்சம் கூடினால் கோச் கூடமே கேட்க ஏசுவார். இவளுக்கு மூட்டை என்று பேர் வைத்தவரும் அவர்தான். மூட்டை வருஷா வருஷம் கரைந்தாள், பேர் மட்டும் கரையவில்லை. தையல்காரி மகளின் போட்டி உடையை மாதாமாதம் பிடித்துத் தைத்து, மிஞ்சிய துணியை நறுக்கி ஒரு பையில் போட்டுவைத்தாள். "இந்த மாசமும் இடுப்புல பிடிச்சுட்டேன்" என்று வாடிக்கைக்காரப் பெண்களிடம் பெருமை வேறு. உடை சிறுத்தால் ஆட்டம் தேறுகிறது என்றுதான் அவள் கணக்கு. ஒருநாள் மெஷின் முள் அசையவே இல்லை. கோச் முதல் தடவையாகக் கை தட்டினார். அடுத்த வாரம் பீம் கட்டையிலிருந்து குதித்தவள் கீழே வரவில்லை. விசில் ஊதாததால் மற்ற பிள்ளைகள் அண்ணாந்துகூடப் பார்க்காமல் பயிற்சியைத் தொடர்ந்தார்கள்.

"குதிச்சா இறங்கணும்ல? கால் மெத்தையில படாம எவன் மார்க் போடுவான்?" என்றார் கோச். அவர் கவலை அவருக்கு.

செயலாளர் விதிப்புத்தகத்தைப் புரட்டினார். "பறக்கக் கூடாதுன்னு எங்கயும் போடலையே. கணுக்கால்ல ஈயக்குண்டு கட்டி இறக்கிடுவோம். பெரிய போட்டி முடியட்டும், அப்புறம் டாக்டர்கிட்ட காட்டிக்கலாம். ஒரு கையெழுத்துதாம்மா."

மிதப்பது பிறவி உடல்வாகு, கூடத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்று அவர் நீட்டிய தாளில் இருந்தது. தையல்காரி பேனாவைத் திறந்தாள். மகள் மேடையில் நிற்பதைப் பார்க்க அவளுக்கு மட்டும் ஆசை இல்லையா? முதல் எழுத்தைப் போட்டும்விட்டாள்.

"சார், தண்ணி குடிக்கலாமா?" மேலேயிருந்து சன்னமாகக் குரல் வந்தது.

கோச் நிமிரவில்லை. "எடை பாத்தாச்சா, மூட்டை?"

"காலையிலேயே மெஷினோட சேத்துக் கட்டிப் பாத்துட்டாங்க சார். முள்ளு நகரல."

"அப்போ ஒரு வாய்."

நேர் கீழே, பையில் தண்ணீர் பாட்டிலோடு பெற்றவள் உட்கார்ந்திருக்கிறாள். பிள்ளை கேட்டது கோச்சிடம். தையல்காரி பேனாவை மூடினாள். பாட்டிலை எடுத்துக்கொண்டு ஆடுகிற நாற்காலிமேல் ஏறினாள்.

"விழுந்துடப் போறீங்கம்மா" என்றார் செயலாளர்.

"விழுந்தா தரைக்குத்தானே சார் வருவேன்."

பாட்டிலை வாங்கிய மகள் மூடியைத் திருகாமல் கோச்சின் முகத்தைப் பார்த்தாள்.

"அவரை எதுக்குடி பாக்குற? குடி."

தையல்காரி கழுத்தில் கிடந்த அளவு டேப்பை மகளின் மணிக்கட்டில் கட்டி, மறுமுனையைத் தன் கையில் சுற்றி அவளைக் கூரையிலிருந்து இழுத்துக்கொண்டாள். மேலிடத்துக்கு எழுதப் போவதாகச் சொன்னாள். "எழுதுங்க, எழுதுங்க. அப்புறம் இவளை எவன் மேடை ஏத்துறான்னு பாப்போம்" என்று கோச் அவள் முதுகுக்குப் பின்னால் சொன்னது வாசல்வரை கேட்டது.

வீட்டுக்கு வந்ததும் கடிதத்தின் முதல் வரியில் மகளின் பேரை எழுதினாள். கூடத்தில் யாருக்கும் தெரியாத பேர் அது. நடந்ததை ஒன்றுவிடாமல் எழுதி, நறுக்கிவைத்த துணி அத்தனையையும் உள்ளே திணித்து, பசை தடவி ஒட்டினாள். கவரைக் கையில் வாங்கியதும் மகளின் கால் தரையைத் தொட்டது. தபால் நிலையம்வரை மற்றப் பிள்ளைகளைப் போல, செருப்புத் தேய, அவள் நடந்தே வந்தாள்.

கவுன்ட்டரில் தயங்கினாள். "குடுத்துடவா அம்மா?"

தையல்காரி டேப்பைத் தன் கையில் இன்னொரு சுற்றுச் சுற்றிக்கொண்டாள். "குடு."

குமாஸ்தா கவரைத் தராசில் வைத்தார். மகள் மெல்ல மேலே போனாள். "நல்ல கனம்மா, கூட ஒரு ஸ்டாம்ப் ஒட்டணும்" என்றவர், எட்டி விசிறியை நிறுத்திவிட்டு, முத்திரையை ஓங்கிக் குத்தி, கடிதத்தைச் சாக்குப்பைக்குள் போட்டார்.