பேராசிரியர் நந்தோங்கோ வானொலிக்குப் போன காலை

எங்கள் பல்கலைக்கழகத்தில் விளம்பரப் பிரிவு என்றால் நானும் ஒரு கேமராவும்தான். பேராசிரியர்களுக்கு என்னென்ன தெரியும் என்று ஊருக்குச் சொல்வது என் வேலை. சிலருக்குத் தெரிந்ததைவிடக் கூடவே சொல்லியிருக்கிறேன், ஒருவரும் கோபித்துக்கொண்டதில்லை. நந்தோங்கோ அம்மா மட்டும் சுவரொட்டியில் நான் போட்டிருந்த 'வாழையின் ராணி'யைப் பேனாவால் அடித்துவிட்டு, 'வாழை வாடல் நோய்' என்று எழுதித் திருப்பிக் கொடுத்தார். அன்றைக்கே அவரை எனக்குப் பிடித்துப்போயிற்று.

வாழை நோய்கள் பற்றி அவர் நடத்தும் வார இறுதிப் பட்டயப் படிப்புக்கு அந்த வருஷம் வந்தவை ஆறே விண்ணப்பங்கள். வெள்ளிக்கிழமை ஐந்து மணிக்குள் பதினைந்து சேராவிட்டால் படிப்பை மூடிவிடுவதாகப் பதிவாளர் எழுத்திலேயே கொடுத்துவிட்டார். இருபது வருஷம் அந்த அம்மா கட்டிக் காத்த படிப்பு. எங்கள் ஜில்லாவின் மசாக்கா வானொலியில் கெஞ்சிக் கூத்தாடி, செவ்வாய்க்கிழமை காலையில் பதினைந்து நிமிடம் வாங்கினேன்.

"நியாபோ, நேரம் ரொம்பக் கம்மி. நலம் விசாரிக்கிறதெல்லாம் வேண்டாம். நேரா விஷயத்துக்கு வந்துடுங்க," என்று காரிலேயே சொன்னேன்; பெண்களை மரியாதையாகக் கூப்பிட எங்கள் பக்கம் 'நியாபோ' என்போம். ஒரு தாளிலும் எழுதிக் கொடுத்தேன்.

"நலம் கேக்காம வாயத் திறக்கிறதா? நல்லா வளத்திருக்காங்க உன்னை!"

"ரேடியோன்னா அப்படித்தான். லண்டன்லயே அப்படித்தான் பேசறாங்க."

"நீ லண்டன் போயிருக்கியா?"

"இல்ல."

நிகழ்ச்சி ஆரம்பித்ததும் கலுங்குவிலிருந்து ஒரு பெரியவர் தொலைபேசியில் வந்தார். அம்மா நான் சொன்னபடியே செய்தார்.

"பூ காஞ்சிருக்கா? தண்டுல மஞ்சளா வடியுதா?"

"யாருய்யா இது? ராத்திரி எப்படித் தூங்கினேன்னு ஒரு வார்த்தை கேக்கல, அதுக்குள்ள என் தோட்டத்துக்குள்ள பூந்துட்டாங்க!" என்று சொல்லிவிட்டுப் பெரியவர் போனை வைத்துவிட்டார். அதன்பிறகு ஒருவரும் கூப்பிடவில்லை. அறிவிப்பாளர் ஒரு பாட்டைப் போட்டார். எனக்கு எங்கேயாவது போய் முட்டிக்கொள்ளலாம் போல இருந்தது.

பாட்டு முடிந்ததும் அம்மா என் தாளைக் கவிழ்த்து வைத்தார்.

"மசாக்கா மக்களே, ராத்திரி எப்படித் தூங்கினீங்க? வீட்ல எல்லாரும் எப்படி இருக்காங்க? தப்பு என்னுதுதான். ஒரு பயல் பேச்சைக் கேட்டுக் கெட்டுப்போயிட்டேன்."

உடனே தொலைபேசி அடித்தது. புகோமான்சிம்பியிலிருந்து ஒரு பெண்.

"நல்லாத் தூங்கினோம், நியாபோ."

"பிள்ளைங்க?"

"நல்லா இருக்காங்க."

"மாடு?"

"நல்லா இருக்கு."

"தோட்டம்?"

"நல்லா இருக்கு."

எங்கள் பக்கம் வீடு பற்றி எரிந்தாலும் முதல் பதில் அதுதான். நான் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அம்மா அவசரப்படாமல், "நிஜமாவே நல்லா இருக்கா, மகளே?" என்றார்.

"இல்ல, நியாபோ. நாப்பது மரம் போயிடுச்சு."

பிறகுதான் அம்மா சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தார். நோய் கண்ட மரத்தை மட்டும் வெட்டு, ஒவ்வொரு வெட்டுக்கும் கத்தியை நெருப்பில் காட்டு, பூவைக் கத்தியால் தொடாதே, கவட்டைக் கம்பால் முறித்து எடு. பதினைந்து நிமிடம் நாற்பதானது. அறிவிப்பாளரும் கன்னத்தில் கை வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தார். எல்லாம் சொன்ன அம்மா, படிப்பைப் பற்றி மட்டும் மூச்சுவிடவில்லை. முடிக்கும்போது நான் மைக்கில் பாய்ந்து, படிப்பில் சேரக் கூப்பிடுங்கள் என்று என் கைப்பேசி எண்ணைச் சொன்னேன்.

மூன்று நாளாக அது ஓயவில்லை. வெள்ளிக்கிழமை நாலரை மணிக்கு விண்ணப்பங்களை எண்ணினேன். பதினாலு. மறுபடியும் எண்ணினேன். பதினாலுதான்.

அம்மா என் அறைக்கு வந்தார். எத்தனை என்று கேட்கவில்லை.

"ராத்திரி எப்படித் தூங்கினே, செம்வாங்கா?"

"நல்லாத் தூங்கினேன், நியாபோ."

"வீட்ல?"

"நல்லா இருக்காங்க."

"அப்பாவோட தோட்டம்?"

"நல்லா இருக்கு."

அவர் என்னைப் பார்த்தபடி நின்றார். என்னால் அந்தப் பார்வையைத் தாங்க முடியவில்லை.

"போயிடுச்சு, நியாபோ. போன வருஷமே மொத்தமாப் போயிடுச்சு. அப்பா இப்ப சந்தையில வாழைக்காய் வாங்கிச் சாப்பிடறார்."

"ரெண்டு வருஷமா என் படத்தை ஊரெல்லாம் ஒட்டறே. என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லணும்னு தோணலையா?"

எனக்கு வெட்கமாக இருந்தது. இந்த அம்மாவைக் கேளுங்கள் என்று ஜில்லா முழுக்கச் சொன்ன நானே அவரைக் கேட்கவில்லை. ஒரு விண்ணப்பத்தை எடுத்து என் பெயரை எழுத ஆரம்பித்தேன். அம்மா தாளின் மேல் கையை வைத்தார்.

"கணக்குக்கு ஒரு ஆள் வேணும்னு எழுதறதா இருந்தா வேண்டாம்."

"இல்ல, நியாபோ. அப்பாவுக்காக எழுதறேன்."

அவர் கையை எடுத்தார்.

"அப்ப சீக்கிரம் எழுது, பதிவாளர் பூட்டிட்டுப் போயிடப்போறார். நாளைக்குக் காலைல உங்கப்பாவைப் பாக்கப் போவோம். புதுக் கன்னு எங்க வைக்கலாம்னு பாக்கணும்."