கால் மாறிப் பிறந்தவள்

“நேத்து நீ சேலையில போட்டு உருட்டுனதோட உட்டுட்ட. கால் வெய்க்கல. அதான் உரம் எறங்கல.”

“வெச்சனுங்களே அம்மணி.”

“எங்க வெச்ச? எங்க மாமியா மொறைக்கறதப் பாத்துட்டுப் பெருவெரலக் காத்துல ஒரு ஓட்டு ஓட்டிட்டு எடுத்துட்ட. தேருல போற சாமிக்குத் தூரத்துல நின்னு கும்புடு போடற மாதிரி.”

சொல்லிவிட்டுக் கண்ணாத்தாள் தானே சிரித்தாள். சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது. மடியில் கிடந்த நான்கு மாதக் குழந்தை மறுபடியும் அழ ஆரம்பித்திருந்தது.

ஆட்டையாம்பட்டிக்கு மேற்கே, கிணறும் வயலுமாக இருந்த பெரிய தோட்டத்துக்கு மருமகளாக வந்தவள் அவள். ஏழு வருஷம் கழித்துப் பிறந்த பிள்ளை இது. அந்தத் தோட்டத்தில் களை வெட்டுகிற பூவாத்தாளின் குடிசைக்கு அவள் இதுவரை வந்ததில்லை. மாமியார் கண்ணயர்ந்த உச்சிவெயிலில், பிள்ளையை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டு சோளக்காட்டு வழியாக நடந்து வந்திருந்தாள். கொண்டையெல்லாம் சோளப்பூவின் மஞ்சள் தூசு.

உரம் விழுந்த குழந்தை தூக்கினால் அழும். பால் குடிக்கத் தலையைத் திருப்பாது. சேலையின் இரு தலைப்பையும் இரண்டு பேர் பிடித்து, நடுவில் குழந்தையைப் போட்டு இப்படியும் அப்படியும் உருட்டுவார்கள். பிறகு, தாய் வயிற்றிலிருந்து கால் முன்னால் வரப் பிறந்த ஒருத்தி, தன் இடது கால் பெருவிரலால் குழந்தையின் முதுகை மூன்று முறை நீவிவிட வேண்டும். அந்தப் பக்கத்தில் அந்தக் கால் பூவாத்தாளுடையது. மற்ற நாளில் அவளைக் கிணற்றடிக்கே சேர்க்காத வீடுகள்கூட அன்றைக்கு அவள் காலில் தண்ணீர் ஊற்றின. மூன்றாம் நாள் பிள்ளைகள் சிரித்தன. கால் வைக்காவிட்டாலும் சிரித்திருக்கும் என்று அவளுக்குத் தெரியும்.

நேற்று அந்த மாமியாரின் பார்வைக்குப் பயந்து பூவாத்தாள் அவசரப்பட்டாள். தலைப்பைச் சற்று வேகமாகச் சுண்டினாள். குழந்தையின் இடது கை முதுகுக்கடியில் மடங்கியது; காய்ந்த கடலைக்காயை விரலால் நசுக்கியது போல உள்ளே எதுவோ சொடுக்கியது. மறுதலைப்பைப் பிடித்திருந்த கண்ணாத்தாளுக்கு அழுகையில் அது கேட்கவில்லை. அதற்குமேல் காலை வைக்க அவளுக்குத் துணிவில்லை. வைத்ததாகக் காட்டிவிட்டு, அவர்கள் கொடுத்த ஒரு படிக் கம்பை மடியில் கட்டிக்கொண்டு வந்தாள். அந்தியில் அதைக் குத்திச் சோறாக்கித் தின்றாள். ருசியாகத்தான் இருந்தது.

இப்போது குனிந்து பார்த்தாள். கழுத்துக்கும் தோளுக்கும் நடுவே எலுமிச்சங்காய் அளவுக்கு வீங்கியிருந்தது.

“சேலத்து ஆசுபத்திரிக்கு வண்டி கட்டச் சொல்லுங்க அம்மணி. இது உரமில்லைங்க.”

“உரமில்லாம என்ன? எப்ப நீ டாக்டரான? பச்சப் புள்ள மேல கத்தி வெச்சுருவாங்கன்னு எங்க மாமியா வண்டிய நகர உடமாட்டாங்க. நீ வெய்யி, போதும்.”

எலும்பு முறிந்திருக்கிறது, முறித்தவள் நான். இவ்வளவுதான் சொல்ல வேண்டியிருந்தது. மேட்டூர் அணைக்குக் கல் சுமக்கப் போயிருக்கும் புருஷன் மாதையன் திரும்பி வரும்போது இந்தக் குடிசை இங்கே இருக்குமா என்று நினைத்தாள். வாய் வேறொன்றைச் சொன்னது.

“நான் எல்லாரையும் மாதிரித் தலையிலதானுங்க பொறந்தேன். காலுல பொறந்தது எங்கக்கா பாவாயி. அவ அம்மையில போனதும், கூலியா வார கம்பு நிக்கக் கூடாதுன்னு எங்கம்மா என்னய அவ எடத்துல உக்கார வெச்சுட்டா.”

பதினெட்டு வருஷமாக யாரிடமும் சொல்லாதது. அது இத்தனை சுலபமாக வந்துவிட்டதுதான் அவளைக் குன்றவைத்தது. பெரியதை மறைக்கச் சின்னதை எடுத்து முன்னால் வைத்திருக்கிறாள்.

கண்ணாத்தாள் தலையை ஆட்டினாள்.

“பொய்யி. உனக்குக் கோவம். எங்க மாமியா உன்னய வாசல்லயே நிறுத்திப் பேசுனதுக்குக் கோவம். அவங்களுக்காவ நான் மன்னிப்புக் கேட்டுக்கறேன், ஆச்சா?”

“அய்யோ, அப்படியில்லீங்க—”

கண்ணாத்தாள் குழந்தையைத் தரையில் விரித்த துணியில் கிடத்தினாள். தோட்டத்து மருமகள், சாணி மெழுகிய அந்தத் தரையில் மண்டியிட்டு, சேறு காய்ந்து வெடித்திருந்த பூவாத்தாளின் கணுக்காலை இரண்டு கைகளாலும் பிடித்துக் குழந்தைக்கு மேலே தூக்கினாள். வளையல்கள் எலும்பில் குளிர்ந்தன. பூவாத்தாள் காலை இழுத்தாள், பிடி விடவில்லை. ஒற்றைக் காலில் தடுமாறிச் சுவரைப் பற்றிக்கொண்டாள்.

தன்மேல் எழும்பி நின்ற பாதத்தைக் கண்டு குழந்தையின் அழுகை நின்றது. வலது கை அதை எட்டிப் பிடிக்க விரிந்து விரிந்து மூடியது. இடது கை துணியின்மேல் போட்டது போட்டபடி கிடந்தது.

“என் சாமியில்ல. ஒரே ஒருக்கா வெய்யி பூவாத்தா.”