பூட்டுப் போட்ட அரை மணி நேரம்

செவ்வாய்க்கிழமை காலையில் பனிக்கோட்டைக்கூடக் கழற்றாமல் லீசல் தன் அதிகாரி வாரனின் நாட்காட்டியைத் திரையில் திறந்தாள். ராத்திரி வந்து விழுந்திருந்த அழைப்புகளில் ஒன்றின் மேல் சின்னப் பூட்டுப் படம் இருந்தது. மனிதவளத்துறை கொலீன் அனுப்பியது. வாரனோடு அரை மணி நேரம் பேச வேண்டும், இந்த வாரத்துக்குள். தலைப்பு இரண்டே சொல்: 'லீசல், மாற்றம்.'

பூட்டுப் போட்டு அனுப்பினால் மற்றவர் கண்ணுக்கு அது வெறும் சாம்பல் கட்டம். அந்தத் தைரியத்தில்தான் கொலீன் அனுப்பியிருப்பாள். ஆனால் டாக்டரைப் பார்க்க வேண்டிய நாளை இரண்டு முறை கோட்டைவிட்ட பிறகு, பூட்டினதையும் நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள் என்று வாரன் எப்போதோ லீசலுக்குத் திறந்துவிட்டிருந்தார். திறந்துவிட்டதை மறந்தும்போனார். உள்ளே கிடந்த எதைப் பற்றியும் அவள் வெளியே மூச்சு விட்டதில்லை, அவருடைய விவாகரத்து வக்கீலின் பெயர் உட்பட. கனடாவின் வின்னிபெக் நகரத்து அந்தத் தானியக் கம்பெனியில் அவளுக்கு இருந்த மதிப்பில் பாதி அந்த மூடிய வாய்க்குத்தான்.

மீதிப் பாதியும் சும்மா வந்ததில்லை. எந்த ஊர்க் கோதுமை எந்த ரயிலில் எந்தத் துறைமுகத்துக்குப் போக வேண்டும் என்று முடிவு செய்யும் துணைத்தலைவர் வாரன் தீசனுக்கு, தன் மத்தியானச் சாப்பாடு எங்கே இருக்கிறது என்று தெரியாது. எந்த நேரத்தில் எரிந்து விழுவார், எப்போது கேட்டால் தலையாட்டுவார் என்பதெல்லாம் லீசலுக்கு அத்துப்படி. அதனால் அவரைப் பார்க்க வேண்டிய மேனேஜர்கள் முதலில் அவள் மேஜைக்குச் சாக்லேட்டோடு வந்தார்கள். லீசல் இல்லாவிட்டால் நான் சட்டையைத் திருப்பிப் போட்டுக்கொண்டு வந்து நிற்பேன் என்று வாரனே நாலு பேர் நடுவில் சொல்லிச் சிரிப்பார். அவளும் சிரிப்பாள். வீட்டுக்குப் போய் அதைப் பிலிப்பைன்ஸில் இலோய்லோவிலிருக்கும் புருஷன் ரொமெலிடம் போனில் சொல்லுவாள்.

அவளுடைய வேலை பெர்மிட்டில் இந்தக் கம்பெனியின் பெயரும் இந்த ஒரு வேலையும்தான் இருந்தன. இந்த நாற்காலி போனால் பெர்மிட் போகும், இமிக்ரேஷனில் பாதியில் நிற்கிற மனு போகும், வசந்தத்தில் ரொமெலும் மகள் ஜியானும் வருவது போகும். ஜியானுக்கென்று வாங்கிவைத்த பனி பூட்ஸைப் பெரிய அளவுக்கு ஒரு முறை மாற்றியாகிவிட்டது. இன்னொரு முறை மாற்றக் கடைக்காரன் ஒத்துக்கொள்ளவில்லை.

ஆகவே அவள் தனக்குத் தெரிந்த வேலையைச் செய்தாள். கொலீனுக்கு நேரம் கிடைக்காமல் செய்தாள். புதன்கிழமை காலியாக இருந்த இடத்தில், வாரன் ஒரு மாதமாகத் தட்டிக்கழித்துக்கொண்டிருந்த ரயில்வேக்காரர்களைக் கொண்டுவந்து உட்கார்த்தினாள். தானியம் ஏற்ற வேகன் கிடைக்காத தகராறு அன்றைக்கே தீர்ந்தது. வியாழக்கிழமை இருந்த கொஞ்ச இடத்தில் சாஸ்கட்டூன் கிளை ஆட்களை நுழைத்தாள். அதுவும் நல்லபடியாக முடிந்தது. பொய்யாக எதையும் வைக்கவில்லை. ஒவ்வொன்றும் நடக்க வேண்டிய சந்திப்புதான், நடந்ததும் கம்பெனிக்கு லாபம்தான். என் மனசுக்குள் புகுந்து பார்க்கிறீர்களா என்று வாரன் மெச்சிக் கேட்டார். இத்தனை நன்றாக அவள் ஒருநாளும் வேலை பார்த்ததில்லை.

கொலீனுக்கு ஒவ்வொரு முறையும் அவளே பதில் எழுதினாள். வருந்துகிறோம், இந்த வாரம் கொஞ்சம் நெருக்கடி.

வியாழக்கிழமை சாப்பாட்டு அறையில் டார்லீன் அக்கா உருளைக்கிழங்கு அடைத்த பெரோகியைச் சூடு பண்ணிக்கொண்டிருந்தாள். இருபது வருஷமாக அங்கே காரியதரிசி. முன்பு ஒரே அதிகாரியிடம் இருந்தவள், இப்போது மூன்று பேருக்கு ஓடுகிறாள். அங்கே யாரும் யாரையும் அக்கா என்று கூப்பிடுவதில்லை. லீசல் மட்டும் கூப்பிடுவாள், டார்லீனுக்கும் அது பிடிக்கும்.

"அக்கா, உன்னை மாத்தினாங்களே, அப்ப முன்னாடியே ஏதாவது சொன்னாங்களா?"

"யாரு சொல்லுவா? அரை மணி நேரம் உள்ள உக்காந்து பேசினாங்க. நான்தான் காபி கொண்டுபோய் வெச்சேன். என்னைப் பத்தித்தான் பேசுறாங்கன்னு தெரியாம சக்கரை வேணுமான்னு வேற கேட்டேன்." டார்லீன் சிரித்தாள். பிறகு லீசலின் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்தினாள். "என்னடி? நீ எதையாவது பாத்தியா?"

இல்லை என்றாள் லீசல். டார்லீன் தன் தட்டிலிருந்து ஒரு பெரோகியை எடுத்து அவள் தட்டில் வைத்தாள்.

வெள்ளிக்கிழமை காலையில் கொலீன் நேரிலேயே வந்து நின்றாள். எப்போதும் ஜியானின் போட்டோவைப் பார்த்து நலம் விசாரிக்கிறவள், இன்றைக்கு அந்தப் பக்கமே திரும்பவில்லை. மூன்று தடவை கேட்டாகிவிட்டது, அந்த மனுஷனுக்கு ஒரு அரை மணி நேரம்கூடவா இல்லை என்று மேஜையின் ஓரத்தைப் பார்த்துக் கேட்டாள். சத்தம் கேட்டு வாரன் வெளியே வந்தார். இரண்டு மணிக்குக் கொடுங்கள், வான்கூவர் அழைப்பை ரத்து செய்துவிடுங்கள் என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டார். எதைப் பற்றிய சந்திப்பு என்று கொலீனும் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை. கேட்காததால் அவருக்குத் தெரிந்திருக்கிறது என்று அர்த்தம்.

லீசல் அதை இரண்டரைக்கு வைத்தாள். இரண்டு மணிக்குக் குடிக்கிற மத்தியானச் சூப் உள்ளே போகும்வரை வாரன் யாரிடமும் இரக்கம் காட்ட மாட்டார். கண்ணாடி அறையைப் பதிவு செய்தாள், தண்ணீர் வைத்தாள், அவருடைய நாற்காலியை வெயில் முகத்தில் அடிக்காதபடி திருப்பிப் போட்டாள். கை தன்பாட்டுக்குச் செய்தது.

இனி ஒன்றுதான் பாக்கி. எந்தச் சந்திப்பானாலும் உள்ளே போகுமுன் வாரனின் கையில் ஓர் அட்டை இருக்க வேண்டும். யார் வருகிறார்கள், என்ன கேட்பார்கள், அவர் மறக்கக் கூடாதது என்ன. அட்டை இல்லாமல் அவர் போக மாட்டார். இதற்கு அட்டை கொடுத்தால் பூட்டுக்குள் எட்டிப் பார்த்தது தெரிந்துவிடும், நாலு நாள் தள்ளிப்போட்டது யாரென்றும் தெரிந்துவிடும். வேலையைப் பிடுங்க அது ஒன்றே போதும். கொடுக்காவிட்டாலோ, அந்த அறையில் அவளுக்காகப் பேச ஆளில்லை.

எழுதினாள். கொலீன், மனிதவளம். விஷயம், லீசல். மறக்கக் கூடாதது என்ற இடத்தில் மகளின் வயதை எழுதி அழித்தாள். ஞாயிற்றுக்கிழமைகளில்கூட வந்ததை எழுதி அதையும் அழித்தாள். கடைசியில் மிஞ்சியது: 'அவள் பெர்மிட் இந்த வேலைக்கு மட்டுமே. வசந்தம் வரை இருந்தால் போதும்.'

இரண்டரைக்கு வாரன் நடந்தபடியே கையை நீட்டினார். அட்டையை வைத்தாள்.

வழக்கம்போலக் கண்ணாடி அறையின் வாசலில் நின்றுதான் படித்தார். படித்து முடித்தும் அட்டையை மடிக்கவில்லை. கழுத்தில் படர்ந்த சிவப்பு மெல்லக் காதுவரைக்கும் ஏறியது.

"இதை எப்ப பாத்தீங்க?" என்றார் திரும்பாமலே.

"செவ்வாய்க்கிழமை சார்."

சார் என்று கூப்பிடாதீர்கள் என்று ஆயிரம் தடவை சொன்ன மனிதர் இன்றைக்கு அதைத் திருத்தாமல் கதவைத் தள்ளினார். உள்ளே போனார். ஏற்கெனவே அங்கே உட்கார்ந்திருந்த கொலீன் எழுந்து வந்து கண்ணாடிச் சுவரின் திரையை இறக்கினாள். அது பாதிக்கு மேல் இறங்காமல் சிக்கி நின்றது.

ரத்தான அழைப்பைப் பற்றிக் கேட்க மேஜையில் போன் அடித்தது. வான்கூவர். துணைத்தலைவர் ஒரு சந்திப்பில் இருக்கிறார், அரை மணி நேரம் ஆகும் என்று லீசல் சொன்னாள். குரல் பிசிறவில்லை. திரைக்குக் கீழே இரண்டு ஜோடிக் கால்கள் தெரிந்தன. கொலீனுடையவை ஒன்றன்மேல் ஒன்றாகப் பின்னிக் கிடந்தன. வாரனின் பழுப்பு ஷூ அசையவே இல்லை. பிறகு நாற்காலி பின்னால் நகர்ந்தது. ஷூ இரண்டும் கதவை நோக்கி நாலெட்டு வந்து, கதவுக்கு அந்தப் பக்கம் அப்படியே நின்றன. லீசல் போனைக் கையிலிருந்து வைக்காமல், கைப்பிடி இறங்குகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தாள்.