கட்டை வந்தால்தான் வண்டி

நின்றே சம்பாதிக்கிறவர்களுக்கு வலி காலில் தொடங்குவதில்லை. இடுப்பில் தொடங்கி, முட்டிக்கு இறங்கி, கடைசியில் குதிகாலில் வந்து குடியேறும். பலகைக்காரிக்கு அன்றைக்கு வெயில் ஏறுவதற்கு முன்பே குடியேறிவிட்டது. ஒரு பாதத்தைத் தூக்கி மறு பாதத்தின் மேல் வைத்துக்கொண்டு, கையில் பலகையோடு நின்றிருந்தாள். பலகையின் ஒரு பக்கம் சிவப்பு, மறு பக்கம் பச்சை. சிவப்பைத் திருப்பினால் கல் லாரியும் நிற்கும், பள்ளிக்கூடப் பேருந்தும் நிற்கும். வீட்டில் அவள் சொல்லுக்குப் புருஷன் ஒரு நாளும் அப்படி நின்றதில்லை. இப்போது அவன் நிற்கவே முடியாது. சாரத்திலிருந்து விழுந்து காலில் மாவுக்கட்டோடு கிடக்கிறான். அவளும் அவன் தங்கையும் இந்தச் சாலை வேலைக்கு வந்ததில்தான் வீட்டில் உலை கொதிக்கிறது.

கால்வாயை ஒட்டிப் போகிற சாலை அது. ஒரு பாதியைத் தோண்டித் தார் போட்டுக்கொண்டிருந்தார்கள். மறு பாதியில் ஒரு நேரத்துக்கு ஒரு பக்கத்து வண்டிதான் போகலாம். இந்த முனையில் அவள். வளைவுக்கு அப்பால், கண்ணுக்குத் தெரியாத முனையில் நாத்தனார். செல்போனுக்கு அங்கே சிக்னல் கிடையாது. மேஸ்திரி கொடுத்த வாக்கிடாக்கி இரண்டும் ஒரே மழையில் செத்துப்போயின. அதனால் ஒரு கட்டை. முழ நீளம், சிவப்பும் வெள்ளையுமாகப் பெயின்ட் அடித்தது. கட்டை யார் கையில் இருக்கிறதோ அவர்தான் பச்சையைக் காட்டலாம். வரிசையை அனுப்பிவிட்டுக் கடைசி வண்டிக்காரரிடம் கட்டையைக் கொடுக்க வேண்டும். அவர் அந்த முனையில் கொண்டுபோய்க் கொடுப்பார். அப்புறம் அந்தப் பக்கத்து வண்டிகள் வரும்.

கட்டையோடு சேதியும் போகும்.

"அந்தப் பக்கம் நிக்கிற அம்மா, அடுப்பை அணைச்சீங்களான்னு கேக்கச் சொன்னாங்க" என்பான் முட்டை வண்டிக்காரன்.

"அணைச்சாச்சு. காலையில சாப்பிடாம ஓடி வந்தாளே, ஏதாவது தின்னாளான்னு கேட்டதா சொல்லுங்க" என்று அடுத்த வண்டியில் பதில் ஏறும்.

ஆட்களைவிட மாடுகள் அதிகமாக இருக்கிற மாவட்டம். இங்கே இத்தனை வண்டி எங்கிருந்து முளைக்கிறது என்பதுதான் வந்த நாளிலிருந்து அவளைக் குடைந்துகொண்டிருந்தது. பார்த்துப் பார்த்து ஒரு மாதிரி பிடிபட்டது. ஆள் குறைவுதான், ஆனால் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் ஒரே வேலை. பால் கறந்து முடித்ததும் எல்லாப் பால் வண்டியும் கிளம்பும். அதே நேரத்தில் பிள்ளைகள் பள்ளிக்கூடத்துக்கு, குமாஸ்தாக்கள் டவுனுக்கு. முன்னால் ஒரு டிராக்டர் ஆடி அசைந்து போனால் போதும், அதன் வாலைப் பிடித்துக்கொண்டு பாதி மாவட்டமே ஊரும். போகும்போது நிறைந்து போகிற வண்டி காலியாகத் திரும்புவதும், காலியாகப் போனது நிறைந்து வருவதும் அவளுக்கு அத்துப்படி. தெரியாத வண்டி வந்துவிட்டால் மட்டும் வாய் சும்மா இருக்காது. என்ன ஏற்றியிருக்கிறீர்கள், யாருக்கு, அங்கே போய் என்ன ஆகும் என்று கேட்டுத்தான் விடுவாள்.

அந்த வாய்தான் போன வாரம் வம்பில் கொண்டுபோய் விட்டது. பேச்சு சுவாரசியத்தில் கடைசி வண்டிக்குப் பதில் அதற்கு முந்தின வண்டியில் கட்டையைக் கொடுத்துவிட்டாள். எதிரும் புதிருமாக இரண்டு வண்டி முட்டிக்கொண்டு நின்றன. மேஸ்திரி வந்து கத்தினார்: "இன்னொரு தடவை உன்னால கட்டை தவறிச்சுன்னு வை, அன்னைக்கே வீட்டுக்குப் போயிடு. சிக்னல் விளக்கு நட்டுக்குறேன். அது வாயாடாது."

இன்றைக்கு வரிசையில் கடைசியாக வந்தது மாட்டு டாக்டரின் வெள்ளை வேன். கடைசி வண்டியிடம் கேட்க வேண்டியது ஒரே கேள்வி: நடுவில் எங்கும் திரும்பாமல் கடைசி வரை போகிறீர்களா? அவள் பின் இருக்கையில் புகை கக்கிக்கொண்டிருந்த பீப்பாயைப் பார்த்தாள்.

"டாக்டர், இதென்ன, பட்டப்பகல்ல பனி கொட்டுது?"

"காளையோட விந்தும்மா. உறைய வச்சிருக்கு."

"அடேயப்பா! மொத்தக் காளையையும் டப்பாவுல அடைச்சிட்டீங்களா!"

அவர் சிரித்தார். அவளும் சிரித்தபடியே கட்டையை நீட்டிவிட்டாள். வேன் வளைவில் மறைந்தது.

அதற்குப் பிறகு எதிர்ப்பக்கத்திலிருந்து ஒரு வண்டியும் வரவில்லை.

முதலில் அவள் கவலைப்படவில்லை. ஏதாவது டிராக்டராக இருக்கும். பின்னால் வரிசை நீண்டது. ஹாரன் ஒன்று தொடங்க, மற்றவை கூடச் சேர்ந்து பாடின. கல் லாரிக்காரர் இறங்கி வந்தார். குரலும் லாரி மாதிரியே இருக்கும் மனிதர்.

"என்னம்மா, அந்தப் பக்கம் எல்லாரும் சாமியாராப் போயிட்டாங்களா? பச்சையைக் காட்டு, போறோம்."

"கட்டை இல்லாம காட்ட முடியாது அண்ணே. அவகிட்ட கட்டை இருந்து, நான் உங்களை விட்டேன்னா, கால்வாய்லதான் சந்திப்பீங்க."

"அப்போ கட்டை எங்க?"

அதுதான் கேள்வி. அவள் ஒவ்வொன்றாக யோசித்துப் பார்த்தாள். நாத்தனார் கையில் இருந்தால் வண்டி வந்திருக்கும். வேன் கவிழ்ந்திருந்தால் தார் ஆட்கள் கத்தியிருப்பார்கள். அப்படியானால் போன வேன் போய்ச் சேரவில்லை, விழவும் இல்லை. நடுவில் எங்கோ திரும்பியிருக்கிறது. கடைசி வரை போகிறீர்களா என்று கேட்காமல் விட்டது அப்போதுதான் உறைத்தது.

"அண்ணே, லாரியைக் குறுக்கே போடுங்க. நான் வர்ற வரைக்கும் ஒரு சைக்கிள்கூட உள்ள போகக் கூடாது."

"என்னைத்தானே நிறுத்தி வச்சே, இப்போ என்னையே காவலுக்கு வைக்கிறியா?" என்றவர் முகத்தில் திடீரென்று ஒரு அதிகாரம் வந்துவிட்டது. "சரி போ. எவன் வர்றான்னு பார்த்துடறேன்."

குதிகாலை மறந்து ஓடினாள். தார் ஆட்கள் மண்வெட்டியைச் சாய்த்துவிட்டு நிழலில் உட்கார்ந்திருந்தார்கள். தார் தீர்ந்துவிட்டதாம். மேஸ்திரி கொண்டுவரப் போயிருக்கிறாராம்.

"வெள்ளை வேனா? அந்த மண் பாதையில திரும்பிச்சு. பண்ணைக்கார அம்மா வந்து கையைப் பிடிக்காத குறையா இழுத்துட்டுப் போச்சு."

மேஸ்திரி எந்தப் பக்கமாகப் போனார் என்று அவள் கேட்கவில்லை. தெரியும். நாத்தனாரின் முனை. கொதிக்கக் கொதிக்க வருகிற தார் இப்போது அந்த வரிசையில் நின்று ஆறிக்கொண்டிருக்கும். ஆறினால் அது தார் இல்லை, பாறை.

மண் பாதையின் முடிவில் ஒரு கொட்டகை. உள்ளே பசு ஒன்று பக்கவாட்டில் படுத்து முனகியது. கன்றின் முன்னங்கால்கள் இரண்டும் வெளியே தெரிந்தன. அவற்றில் கயிறு. கயிற்றின் மறுமுனையில் குறுக்காக, சிவப்பும் வெள்ளையுமாக, அவளுடைய கட்டை. டாக்டரும் பண்ணைக்காரியும் ஆளுக்கொரு ஓரத்தைப் பிடித்துப் பின்னால் சாய்ந்திருந்தார்கள்.

"டாக்டர்! அது என் கட்டை!"

"தெரியும்மா. வெறும் கயிறு கையை அறுக்குது. ரெண்டே நிமிஷம். இப்ப விட்டா கன்னு போயிடும், தாயும் போயிடும். பிடிங்க!"

கட்டையைப் பிடுங்கிக்கொண்டு ஓடத்தான் வந்தாள். கை தானாகக் கட்டையைப் பிடித்தது, இழுக்கத் தொடங்கியது. பசு மூச்சு வாங்கும்போது நிறுத்தவும், முக்கும்போது இழுக்கவும் டாக்டர் சொல்லிக்கொண்டிருந்தார். வாசலில் நிழல் தட்டியது. நாத்தனார், மூச்சிரைக்க.

"அண்ணி! இங்க என்ன பண்றீங்க? அங்க மேஸ்திரி குதிச்சுக்கிட்டு இருக்காரு!"

"வாடி, நீயும் பிடி!"

"இதையா?"

"இதைத்தான்!"

நால்வரும் சாய்ந்தார்கள். முதலில் மூக்கு, பிறகு நெற்றி, பிறகு ஒரே வழுக்கலில் முழுக் கன்றும் வைக்கோலில் வந்து விழுந்தது. நால்வரும் மல்லாந்தார்கள். டாக்டர் எழுந்து வைக்கோல் துரும்பால் அதன் மூக்கைக் கிண்டினார். கன்று தும்மியது.

"என்ன கன்னு டாக்டர்? பசுவா, காளையா?"

"அண்ணி!" நாத்தனார் அவள் கையிலிருந்த கட்டையைப் பறித்தாள். "தார் ஆறுது!"

பாதி மண் பாதைகூடத் தாண்டவில்லை, எதிரே மேஸ்திரி நடந்தே வந்துவிட்டார். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. இருவரின் முழங்கை வரை வழிந்திருந்த ரத்தத்தை ஒரு கணம் பார்த்தார். என்னவென்று கேட்கவில்லை.

"ஒரு லோடு தார். பாதி இறுகிப்போச்சு. கட்டை யாரால தவறிச்சு?"

கேள்வி பொதுவாக வந்தது, பார்வை அண்ணியின் மேல் வந்து நின்றது. அவள் வாயைத் திறந்தாள். மாவுக்கட்டுக் கால் நினைவுக்கு வந்தது. திறந்த வாயை மூடிக்கொண்டாள்.

"என்னாலதான்" என்றாள் நாத்தனார். "கட்டை என் கைக்கு ஒழுங்கா வந்துச்சு. டாக்டர் கன்னு இழுக்கக் கேட்டாரு. பாவமேன்னு நான்தான் குடுத்தேன். அண்ணி என்னைத் தேடிக்கிட்டு வந்தாங்க."

மேஸ்திரி இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். நம்பினாரோ இல்லையோ, அவருக்கு ஒரு ஆள் வேண்டியிருந்தது.

"உனக்கு இது முதல் தடவை. அதனால வீட்டுக்கு அனுப்பலை. ஒரு வாரம் தார்ல நில்லு. பலகைக்கு வேற ஆளைப் போட்டுக்குறேன். கட்டையைக் கழுவிக் கொண்டா."

அவர் முன்னால் நடந்தார். அண்ணி நாத்தனாரின் முழங்கையைப் பிடித்தாள்.

"ஏண்டி அப்படிச் சொன்னே?"

"உங்களுக்கு ரெண்டாவது தடவை, எனக்கு முதல் தடவை. இதுல யோசிக்க என்ன இருக்கு? போங்க, உங்க லாரிக்காரர் அங்க ராஜாங்கம் நடத்திக்கிட்டு இருப்பாரு."

நடத்திக்கொண்டுதான் இருந்தார். கையை விரித்து நின்றுகொண்டு, தபால்காரரைக்கூட விடவில்லையாம். அவளைக் கண்டதும், "என்ன ஆச்சு?" என்றார். விஷயம் வரிசையின் வால் வரைக்கும் ஓடியது. எரிந்து விழுந்துகொண்டிருந்தவர்கள் எல்லாம் கண்ணாடியை இறக்கி, கன்று பசுவா காளையா என்று கேட்டார்கள். அவளுக்கும் தெரியாது. அதுதான் அந்த நேரத்திலும் அவளை அரித்தது.

மறுநாள் முதல் மறுமுனையில் புது ஆள். கட்டை ஒழுங்காகப் போய் வந்தது, சேதி எதுவும் வரவில்லை. நாத்தனார் நடுவில், புகையில், நீளமான மண்வெட்டியால் தாரைத் தள்ளிக்கொண்டிருந்தாள். மூன்றாம் நாள் செருப்பின் அடிப்பாகம் உருகிக் கழன்றது. சாயங்காலம் வீட்டு வாசலில் உட்கார்ந்து பாதத்துக் கொப்புளத்தில் எண்ணெய் தடவிக்கொண்டே, "பண்ணைக்கார அம்மாவைப் பார்த்தேன் அண்ணி. கன்னு பசுதானாம்" என்றாள். பலகைக்காரி எண்ணெய்க் கிண்ணத்தை வாங்கி அவளுடைய மறு காலைத் தன் மடியில் இழுத்து வைத்துக்கொண்டாள்.

அந்தச் சாலை முடிந்து, வேறு சாலையும் முடிந்துவிட்டது. ஒரு வாரத் தார் வேலை. நாத்தனாருக்கு அவள் பட்ட கடன் அது. இன்னும் அடையவில்லை.